முதனூலும் மறுவாக்கமும்: ஒரு விளையாட்டுக் கதையின் பாட வரலாறு

1. முன்னுரை

ஒரு நூல் தோன்றிய காலத்துக் கருவியும், அதனைப் பின்னாளிற் பயில்வோர் கைக்கொள்ளும் கருவியும் வேறுபடுங்கால், அந்நூல் மாற்றமுறாது நிற்றல் அரிது. ஓலைச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை; எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவில் வேறுபாடு இல்லை; சொற்களுக்கிடையே வெளியும் இல்லை. அச்சேறிய ஞான்று இவையனைத்தும் பதிப்பாசிரியரால் இடப்பெற்றன. ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு வெளியும் ஒரு முடிபாகும். அம்முடிபு பொருந்திய இடத்து நூல் விளங்கிற்று; பொருந்தாத இடத்துப் பாடம் பிறழ்ந்தது. ஆதலின் கருவி மாற்றம் என்பது புறத்தே நிகழும் எளிய செயலன்று. நூலின் உட்பொருளைத் தொடுவதாகும்.

இந்நாளில் இவ்வினா கணிப்பொறி விளையாட்டுத் துறையிலும் எழுந்துள்ளது. முப்பது ஆண்டுகட்கு முன்னர் மேசைக் கணிப்பொறிக்கென இயற்றப்பெற்ற கதை விளையாட்டுகள், இன்று தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்தும் கையிலேந்தியும் ஆடப்பெறும் புதிய பொறிகளுக்கு மாற்றி அமைக்கப்படுகின்றன. இப்பொறிகளைக் 'கன்சோல்' என வழங்குவர். தமிழாய்வு இதழில் இப்பொருள் இடம்பெறுதல் சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆயினும் முதனூல், வழிநூல், பாடவேறுபாடு, இடைச்செருகல், மூலமும் உரையும் என நம் முன்னோர் வகுத்த கருத்துகள் இத்துறைக்கு எத்துணைப் பொருந்துகின்றன என்பதைக் காணின் அவ்வியப்பு நீங்கும். ஒரு விளையாட்டுக் கதையின் நான்கு பாடங்களை எடுத்துக்கொண்டு, நல்ல மறுவாக்கத்தின் இலக்கணம் யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

2. நாகூர் காட்டும் இரு சான்றுகள்

மறுவாக்கம் என்பதன் இயல்பை உணர்தற்குக் காவிரிக் கடைமடையில் உள்ள நாகூர் இரண்டு நல்ல சான்றுகளைத் தருகின்றது.

முதலாவது, நாகூர்க் குலாம் காதிறு நாவலரின் (1833–1908) புலமைப் பணி. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர் எனப் போற்றப்பெறும் இப்புலவர், 'நாகூர்ப் புராணம்', 'நாகூர்க் கலம்பகம்' ஆகியவற்றைப் பாடினார். புராணமும் கலம்பகமும் தமிழில் முன்னரே வேரூன்றிய வடிவங்கள். அவ்வடிவங்களை மாற்றாது, அவற்றுள் இசுலாமியப் பெரியாரின் வரலாற்றையும் தம் ஊர்ச் சிறப்பையும் பெய்து வைத்தார். அவரே, ரெயினால்ட்சு என்னும் ஆங்கில நாவலாசிரியரின் கதையொன்றை 'உமறு பாஷா யுத்த சரித்திரம்' எனத் தமிழ் உரைநடையிலும் ஆக்கினார். முன்னதில் வடிவம் நின்றது, பொருள் மாறிற்று. பின்னதில் பொருள் நின்றது, மொழி மாறிற்று. யாம் ஆராயப் புகும் விளையாட்டு மறுவாக்கத்தில் பொருளும் மொழியும் நிற்கக் கருவி மாறுகின்றது. மூன்றும் ஓரினத்தனவே.

இரண்டாவது சான்று, நாகூர்த் தர்கா. சாகுல் ஹமீது ஆண்டவரின் அடக்கத்தலம் நாகூரில் உள்ளது. கடல் கடந்து வணிகம் செய்யச் சென்ற சோழமண்டலக் கரை முசுலிம்கள், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர் பெயரால் நினைவிடங்கள் எழுப்பினர். சிங்கப்பூரில் உள்ள கட்டடம் 1828 முதல் 1830 வரை எழுப்பப்பெற்றது; 1974இல் அந்நாட்டின் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. ஆண்டவரின் உடல் அங்கு இல்லை; அங்குள்ளது நினைவே. அக்கட்டடம் தன்னை நாகூர் என்று சொல்லிக்கொண்டு நாகூரை மறைக்கவில்லை. தன் பெயராலேயே நாகூரை நோக்கிக் கைகாட்டி நிற்கின்றது. மூலம் தன்னிடத்தில் அழியாது நிற்க, வழிவந்தது புதிய நிலத்தில் புதிய மக்களுக்குப் பயன்படுகின்றது. நல்ல மறுவாக்கத்தின் முதல் இயல்பு இதுவே என யாம் கருதுகின்றோம்.

3. விளையாட்டுக் கதையின் இலக்கணம்

இவ்வகை விளையாட்டின் அமைப்பை முதற்கண் விளக்குதல் வேண்டும். ஆடுவோன் ஒரு கதைமாந்தனைத் தன் விருப்பின்வழி இயக்குகின்றான். கதைமாந்தன் ஓரிடத்தை அடைகின்றான், அங்குள்ளாரோடு உரையாடுகின்றான், பொருள்களை எடுக்கின்றான், ஒன்றனோடு ஒன்றைப் பொருத்திப் புதிர்களை விடுவிக்கின்றான். புதிர் விடுபட்டாலன்றிக் கதை மேற்செல்லாது.

இக்கதைகளின் வளர்ச்சியை ஒரு சொல்லிலக்கண வரலாறாகவே கூறலாம். 1976, 1977ஆம் ஆண்டுகளில் குரௌதர், வுட்ஸ் என்னும் இருவர் ஆக்கிய குகைக் கதையில் படம் இல்லை. ஆடுவோன் வினையும் பெயருமாகச் சொற்களைத் தட்டெழுதினான். 1984இல் வெளிவந்த 'கிங்ஸ் குவெஸ்ட்' படத்தைத் தந்தது. ஆயினும் ஏவற்சொற்களைத் தட்டெழுதியே ஆகவேண்டும். 1987இல் வெளிவந்த 'மேனியாக் மேன்ஷன்' என்பதில் பதினைந்து வினைச்சொற்கள் திரையின் அடியில் நிரல்பட நின்றன. ஆடுவோன் 'மௌஸ்' எனப்படும் சுட்டியால் ஒரு வினையையும் பின் ஒரு பொருளையும் தொட்டு ஏவல் வாக்கியத்தை அமைத்தான். 1993இல் வந்த 'டே ஆஃப் தி டென்டக்கிள்' அவற்றை ஒன்பதாகச் சுருக்கிற்று. அதன்பின் வந்தவற்றுட் பல வினைச்சொற் பட்டியலையே நீக்கின. சுட்டுக்குறியைக் கதவின்மேல் வைத்தால் 'திற' என்னும் பொருளும், மாந்தர்மேல் வைத்தால் 'பேசு' என்னும் பொருளும் தாமே தோன்றின. வெளிப்பட நின்ற வினை, தொக்கு நின்ற வினையாயிற்று எனலாம்.

சுட்டுக்குறிக்கு மற்றொரு பயனும் உண்டு. படத்தின் மூலைமுடுக்குகளில் அதனை ஓட்டிப் பார்ப்பதே ஆடுவோனின் தேடல். அத்தேடல் கதை நுகர்ச்சியின் ஒரு கூறு. சுட்டி இல்லாத கன்சோலில் இத்தேடல் என்னாகும் என்பதே மறுவாக்கத்தின் தலையாய சிக்கல்.

4. முதற்பாடம்: 1996

இங்கிலாந்தின் யார்க் நகரில் உள்ள ரெவல்யூஷன் நிறுவனத்தார், சார்லஸ் செசில் என்பார் தலைமையில் 'புரோக்கன் சோர்டு' என்னும் விளையாட்டை 1996இல் வெளியிட்டனர். முறிந்த வாள் என்பது அப்பெயரின் பொருள். அமெரிக்காவில் அது முதலில் 'குருதி வட்டம்' எனப் பொருள்படும் வேறு பெயரோடு விற்கப்பெற்றது. ஆகவே தலைப்பிலேயே பாடவேறுபாடு தொடங்கிவிட்டது.

சார்ஜ் ஸ்டோபார்ட் என்னும் அமெரிக்கன் பாரிசு நகரின் சிற்றுண்டிச் சாலை ஒன்றின் வெளியே அமர்ந்திருக்கின்றான். கோமாளி வேடம் பூண்ட ஒருவன் வைத்த குண்டு வெடிக்கின்றது. அது குறித்து எழுத வந்த நிக்கோ கொல்லார்டு என்னும் செய்தியாளரோடு சேர்ந்து சார்ஜ் உண்மையைத் தேடுகின்றான். பழைய கையெழுத்துச் சுவடி ஒன்றும், இடைக்காலத்து டெம்ப்ளர் வீரர் குழுவும் கதையின் உள்ளீடு. பாரிசிலிருந்து அயர்லாந்து, சிரியா, ஸ்பெயின், ஸ்காட்லாந்து எனக் கதை விரிகின்றது.

திரை 640 புள்ளி அகலமும் 480 புள்ளி உயரமும் உடையது. அதனுள் கையால் வரைந்த பின்னணிப் படங்கள் அமைந்தன. வினைப் பட்டியல் இல்லை. சுட்டியின் இடப் பொத்தான் செயலுக்கும் வலப் பொத்தான் நோக்குதற்கும் உரியன.

இப்பாடத்தில் பெயர்பெற்ற புதிர் ஒன்று உண்டு. அயர்லாந்துக் கோட்டை இடிபாட்டில் ஒரு வெள்ளாடு நிற்கின்றது. அகழ்ந்த இடத்திற்கு இறங்க முயலும் சார்ஜை அது முட்டித் தள்ளுகின்றது. விளையாட்டின் பெரும்பகுதியில் ஆடுவோன் எவ்வளவு நேரமும் எண்ணிச் செயற்படலாம். இங்கு மட்டும் ஆடு முட்டியபின் பின்வாங்கும் அந்நொடியிலேயே அங்குக் கிடக்கும் உழவுக் கருவியை நோக்கி ஓடல் வேண்டும். விதி மாறியதை ஆசிரியர் முன்கூட்டி உணர்த்தவில்லை. ஆதலின் பலர் இவ்விடத்தே பல நாள் தடைப்பட்டனர். இதனைக் குற்றம் என்பாரும் உளர்; அவ்விளையாட்டின் முத்திரை என்பாரும் உளர்.

5. சுருக்கப் பாடம்: 2002

தொல்காப்பியம் மரபியலில் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்துகின்றது. பின்வந்த பாடங்களை இவ்வகையால் நோக்கலாம்.

2002இல் 'கேம் பாய் அட்வான்ஸ்' என்னும் கைப்பொறிக்கு இக்கதை மாற்றப்பெற்றது. அப்பொறியின் திரை 240 புள்ளி அகலமும் 160 புள்ளி உயரமுமே உடையது. முதற்பாடம் குறுவட்டுகளில் நிறைந்த குரலும் அசைபடமும் கொண்டிருந்தது. கைப்பொறியின் சிறு நினைவுப் பெட்டி அவற்றைத் தாங்காது. எனவே குரல் நீங்கி எழுத்து நின்றது, அசைபடங்கள் நிலைப்படங்களாயின. சுட்டுக்குறி நீங்க, ஆடுவோன் பொத்தான்களால் சார்ஜை நேரே நடத்தினான்.

இது தொகுத்தல் வகையைச் சேர்ந்தது. நீக்கப்பட்டவை பொறியின் வலியின்மையால் நீக்கப்பட்டனவே; ஆசிரியர் கருத்து மாற்றத்தால் அல்ல. நெடுநூலை மாணவர்க்காகச் சுருக்குவோன் செயலோடு இது ஒக்கும். கதை முடிபு மாறவில்லை. ஆயின் கண்ணால் துழாவித் தேடும் இன்பம், காலால் நடந்து சேரும் செயலாக மாறிற்று.

6. தொகைவிரிப் பாடம்: 2009

2009இல் நிண்டெண்டோ நிறுவனத்தின் 'வீ', 'டி.எஸ்.' என்னும் இரு பொறிகளுக்கு 'இயக்குநர் பாடம்' என்னும் பொருள்படும் பெயரோடு புதிய ஆக்கம் வந்தது. கருவி நோக்கில் இவ்விரு பொறிகளும் பொருத்தமானவை. 'வீ' பொறியின் கைக்கோலைத் திரையை நோக்கி நீட்டினால் சுட்டுக்குறி அசையும், 'டி.எஸ்.' பொறியின் கீழ்த்திரையை எழுதுகோல் போன்ற குச்சியால் தொடலாம். சுட்டி இழந்த சுட்டு விளையாட்டுக்குச் சுட்டு மீண்டது.

எனினும் ஆசிரியர் அம்மட்டில் நில்லாது கதையையும் தொட்டனர். சிற்றுண்டிச் சாலை வெடிப்புக்கு முன்னர், நிக்கோ தலைமையேற்கும் புதிய பகுதியொன்று சேர்க்கப்பட்டது. உரையாடல்களின்போது தோன்றும் முகப்படங்களை டேவ் கிப்பன்ஸ் என்னும் சித்திரக்கதை ஓவியர் வரைந்தார். குறிப்புதவி சேர்ந்தது. கதைமாந்தன் இறக்கும் இடங்கள் நீக்கப்பட்டன. வெள்ளாட்டுப் புதிர் எளிதாக்கப்பட்டது. சிலவற்றைக் குறைத்துச் சிலவற்றைக் கூட்டியமையின் இது தொகைவிரியாம்.

இம்மாற்றங்களின் விளைவை எண்ணுதல் தகும். முதற்பாடத்தில் நிக்கோ நமக்கு அயலாள். சார்ஜ் அவளைக் காணும்போதே நாமும் காண்கின்றோம். அவள் சொல்வதை நம்பலாமா என்னும் ஐயம் அவனுக்கும் நமக்கும் ஒருங்கே எழுகின்றது. 2009ஆம் ஆண்டுப் பாடத்தில் அவளை முன்னரே அறிந்துகொள்கின்றோம். அவ்வையம் நீங்கிவிடுகின்றது. காப்பியத்தின் முகப்பில் ஒரு காதையைப் புதிதாகச் சேர்த்தால், அடுத்துவரும் காதையில் ஒரு சொல்லும் மாறாதிருந்தும் அதன் சுவை மாறும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

இதனை இடைச்செருகல் எனலாமா? பிறர் பாடியதை ஆசிரியர் பாடியதாகக் காட்டி நுழைப்பதே இடைச்செருகல். ஈண்டுச் சேர்த்தது முதலாசிரியர் குழுவே; புதுப்பெயரிட்டு வெளிப்படையாகவே சேர்த்தது. ஆதலின் இது விரித்தலேயன்றிச் செருகல் அன்று. ஆயினும் ஒரு குறை நிற்கின்றது. அப்பாடத்தை மட்டும் கையிற் கொண்டவன், எது பழையது எது புதியது எனப் பிரித்தறிய அதனுள் வழியில்லை.

7. பதிப்புப் பாடம்: 2024

2024 செப்டம்பரில், முதற்பாடம் தோன்றி இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்த நிலையில், அதே நிறுவனத்தார் நான்காம் பாடத்தை வெளியிட்டனர். இது 2009ஆம் ஆண்டுப் பாடத்தை அடியொற்றாது 1996ஆம் ஆண்டு மூலத்தையே அடிப்படையாகக் கொண்டது. முற்பகுதியில் சேர்த்த நிக்கோ கதை இதில் இல்லை. பிற்காலப் படியை விடுத்துப் பழம்படியைத் தேடிச் சென்ற பதிப்பாசிரியரின் நெறி இது.

பணியின் அளவு சிறிதன்று. 640க்கு 480 என்னும் திரையிலிருந்து, 3840க்கு 2160 என்னும் அளவுடைய இந்நாட் திரைக்குப் படங்கள் உயர வேண்டும். திரையின் வடிவமும் மாறிவிட்டது. நான்குக்கு மூன்றாய் இருந்தது பதினாறுக்கு ஒன்பதாயிற்று. எனவே பின்னணிப் படங்கள் பழைய வரைவுகளைத் துணைக்கொண்டு மீள வரையப்பெற்றன. பக்கங்களில் முன் இல்லாத பரப்பும் வரைந்து சேர்க்கப்பெற்றது. கதைமாந்தரின் அசைவுப் படங்கள் பல்லாயிரம். அவற்றைப் பெரிதாக்க இயந்திரக் கற்றல் முறை துணையாயிற்று. ஆயினும் முகமும் கையும் போன்ற நுண்ணிய இடங்களை ஓவியர் தம் கையாலேயே திருத்த வேண்டியதாயிற்று. சிதைந்த எழுத்தை ஊகித்து நிரப்பும் பொறி, முகக்குறிப்பை ஊகிக்க மாட்டாது.

இப்பாடத்தின் சிறப்பு இரண்டு. பழைய முறையிலும் ஆடலாம். குறிப்புதவி மிகுந்த எளிய முறையிலும் ஆடலாம். தடைப்பட்டு நிற்பதையே விரும்புவோனும், கதையை மட்டும் நுகர விழைவோனும் தத்தம் வழியிற் செல்வர். மற்றொன்று இதனினும் பெரிது. ஆடிக்கொண்டிருக்கும்போதே வேண்டியவிடத்துப் பொத்தானை அழுத்தினால் 1996ஆம் ஆண்டுப் படம் தோன்றும். மீண்டும் அழுத்தினால் புதிய படம் தோன்றும். 1990இல் முதன்முதல் வெளிவந்த 'மங்கி ஐலண்டு' என்னும் விளையாட்டின் 2009ஆம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பிலும் இவ்வமைப்பு இருந்தது.

தமிழ் கற்றார்க்கு இது புதியதன்று. மூலத்தை மேலே அச்சிட்டு உரையைக் கீழே அமைக்கும் நம் பதிப்பு மரபின் மறுவடிவமே இது. உரையாசிரியரோடு மாறுபட விரும்புவோன் கண்ணை மேலே உயர்த்தினாற் போதும். மூலம் அங்கே நிற்கின்றது.

8. நன்னூல் தரும் அளவை

வழிநூலுக்கு நன்னூலார் கூறும் இலக்கணத்தை மூன்றாகப் பகுத்துக் கொள்ளலாம். முன்னோர் நூலின் முடிபோடு ஒத்தல் ஒன்று. பின்னோன் தான் வேண்டும் வேறுபாட்டைக் கூறுதல் மற்றொன்று. மரபு அழியாமை பிறிதொன்று. இம்மூன்றனையும் நான்கு பாடங்களோடு பொருத்திக் காண்பாம்.

முடிபு ஒத்தல் நான்கிற்கும் பொது. குண்டு வைத்தவன் யார், அவன் பின்னிருந்தோர் யாவர் என்னும் விடை எப்பாடத்திலும் மாறவில்லை.

வேறுபாடு கூறுதலில் பாடங்கள் பிரிகின்றன. பொறியின் வரம்பால் நேர்ந்த வேறுபாடு வேறு. ஆசிரியர் சுவையால் நேர்ந்த வேறுபாடு வேறு. 2002ஆம் ஆண்டுப் பாடத்தில் முன்னதே மிகுதி. 2009ஆம் ஆண்டுப் பாடத்தில் பின்னதும் உண்டு. இரண்டும் ஏற்புடையனவே. ஆயின் 'கூறி' என்று நன்னூலார் சொன்னதை ஊன்றி நோக்குதல் வேண்டும். வேறுபாடு செய்தல் மட்டும் அமையாது. செய்ததைக் கூறுதலும் வேண்டும் என்பது அதனாற் பெறக்கிடக்கின்றது. இவ்வளவையால் நோக்கின் 2024ஆம் ஆண்டுப் பாடமே மேம்படுகின்றது. மாற்றிய ஒவ்வொரு படத்தின் பின்னும் மாற்றப்படாத படம் காட்டப்படுவதால், அது தன் வேறுபாட்டை இடந்தோறும் கூறிக்கொண்டே செல்கின்றது.

மரபு அழியாமை என்பதனை இத்துறைக்கு ஏற்ப விரித்தல் தகும். இவ்விளையாட்டின் மரபு சுட்டித் தேடுதலில் உள்ளது. படம் பொலிவுற்றுத் தேடல் அழியின் மரபு அழிந்ததாகும். படம் மங்கியிருந்தும் தேடல் நிற்பின் மரபு நின்றதாகும். எனவே சுட்டி இல்லாப் பொறிக்கு மாற்றுவோர், தேடலுக்கு ஈடாக எதனை அமைத்தனர் என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் வினா. படத்தின் பொலிவு பற்றிய வினா அதன் பின்னதே.

9. தமிழுக்கு இதனால் ஆவது

இவ்வாராய்ச்சி அயல்மொழிப் பொருள் பற்றியது என ஒதுக்குதற்கில்லை. கனடாவின் டொராண்டோ நகரைச் சார்ந்த விசை என்னும் குழுவினர், 2023 சூலை 31ஆம் நாள் 'வெண்பா' என்னும் கதை விளையாட்டைக் கன்சோல்களுக்கும் கணிப்பொறிக்கும் வெளியிட்டனர். கனடாவிற் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் வாழ்க்கை அதன் பொருள். அதன் புதிர்களோ நம் துறைக்கு மிக அணித்து. தாய்வழி வந்த சமையற் குறிப்பேடு சிதைந்துள்ளது. சில வரிகள் அழிந்துள்ளன. எஞ்சிய வரிகளையும் சமையல் மரபையும் கொண்டு, அழிந்ததை ஆடுவோன் உய்த்துணர வேண்டும். இட்டிலி வார்ப்பதே அங்குப் பாடம் மீட்கும் பணியாகின்றது. 2024இல் அவ்விளையாட்டு பிரித்தானியப் 'பாஃப்டா' விருதுகளுள் அறிமுக ஆக்கத்திற்கான விருதைப் பெற்றது.

இன்று அதனை ஏற்று இயக்கும் பொறிகள் நெடுங்காலம் நில்லா. 1996ஆம் ஆண்டுக் கணிப்பொறி இன்று இல்லம்தோறும் இல்லை. இன்றைய கன்சோலின் கதியும் அதுவே. ஒருநாள் 'வெண்பா'வும் அது போல்வனவும் மறுவாக்கம் பெறுதல் வேண்டும். அன்றேல் மறைதல் வேண்டும். ரெவல்யூஷன் குழுவினர் இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் மூலத்திற்குத் திரும்ப இயன்றது, மூலப் பொருள்கள் எஞ்சியிருந்தமையாலேயே. பழைய விளையாட்டுகளைப் புதிய கணிப்பொறிகளில் இயக்குதற்கு 2001 முதல் தன்னார்வலர் வளர்த்து வரும் 'ஸ்கம் வி.எம்.' என்னும் மென்பொருளும், மூலக் கோப்புகள் கையில் இருந்தாலன்றிப் பயன்படாது.

சுவடிகளைக் காத்தற்குத் தஞ்சைச் சரசுவதி மகால் உண்டு, உ. வே. சாமிநாதையர் பெயரால் சென்னையில் நூல்நிலையம் உண்டு. அச்சு நூல்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உண்டு. தமிழில் தோன்றும் கதை விளையாட்டுகளுக்கும் இத்தகைய காப்பிடம் வேண்டும். விற்பனைக்கு வந்த வடிவத்தை மட்டும் வைத்தல் போதாது. நிரல் மூலம், முதல் வரைவுகள், குரற்பதிவுகள், உரையாடல் ஏடு, ஒவ்வொரு வெளியீட்டிலும் செய்த மாற்றங்களின் பட்டியல் ஆகிய ஐந்தும் வேண்டும். இவற்றைத் தொகுக்கும் பயிற்சி, பாடவேறுபாடு குறிக்கக் கற்ற தமிழ் முதுகலை மாணவரிடம் முன்னரே உள்ளது.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். பொறி மாற்றத்தால் வரும் வேறுபாடும் சுவை மாற்றத்தால் வரும் வேறுபாடும் பிரித்தறியத்தக்கன. மாற்றுவோன் மாற்றியதை மறையாது கூறுதல் வேண்டும். மூலத்தைப் பயில்வோன் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கும் மறுவாக்கமே தலையாயது. படப் பொலிவினும் ஆடல் மரபே காக்கத்தக்கது.

சிங்கப்பூர்க் கட்டடம் நாகூரை நோக்கி நிற்பது நாகூர் நிலைத்திருப்பதனாலேயே பொருளுடையதாகின்றது. வழிநூல்கள் எத்துணை எழினும் முதனூல் காக்கப்பட வேண்டும் என்னும் கடப்பாடு, ஓலைக்கும் தாளுக்கும் உரியது போலவே திரைக்கும் உரியதாகும்.